மினி டிராக்டர்: வண்டியைப் பார்க்கும் முன் பார்ட்ஸ் கவுண்டரைப் பாருங்கள்

"25 ஹெச்பியில் இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பெரிய பிராண்டு, டீலர் அரை மணி நேரத் தொலைவில். இன்னொன்று அவ்வளவாகப் பேர் தெரியாத பிராண்டு. ஐந்தில் ஒரு பங்கு விலை குறைவு, முன்னால் மாட்டி மண் அள்ளும் லோடரும் சேர்த்தே தருகிறார்கள். ஆனால் டீலர் மூன்று மணி நேரப் பயணம். எதை வாங்கலாம்?"

சிறிய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விதான். பிராண்டின் பெயர் மாறும், தூரம் மாறும், கேள்வி மாறாது. கேட்பவர் மனதளவில் மலிவான வண்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டிருப்பார். "தாராளமாக வாங்குங்கள்" என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் வாங்கினேன். என் முதல் மினி டிராக்டர் மலிவு ரகம். வாங்கி இரண்டாம் வருடம் முன் அச்சில், இடது சக்கரத்தின் உள்பக்கம், ஒரு ஆயில் சீல், அதாவது ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம், கசிய ஆரம்பித்தது. முதலில் ரிம்மின் மேல் லேசான ஈரம். அதில் புழுதி ஒட்டி, நாலு நாளில் கன்னங்கரேல் என்று ஒரு வளையம். மழை பெய்து நிலம் நல்ல பதத்தில் இருந்த வாரம் அது. ஷோரூமை அழைத்தால் "நாளைக்கு வந்துவிடும் சார்" என்றார்கள். ஐந்தாம் நாள் வந்தது, அளவு வேறு. சரியானது வர இன்னும் எட்டு நாள் ஆகும் என்றார்கள். கடைசியில் பழைய சீலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு பேரிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் துணியால் துடைத்தார். வெர்னியரை வைத்து உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் பார்த்தார். பின்னால் இருந்த அட்டைப் பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். பத்து நிமிட வேலை. ஆனால் அதற்குள் நிலத்து ஈரம் போய்விட்டிருந்தது. வாடகைக்கு வேறு வண்டி பிடித்துத்தான் உழுதேன்.

வண்டியை நான் குறை சொல்ல மாட்டேன். சீல் எந்த வண்டியிலும் போகும். போன அன்றைக்கு யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சுமார் 20 முதல் 40 ஹெச்பி வரையுள்ள வண்டிகளில், பிராண்டுக்கும் பிராண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட டீலருக்கும் டீலருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது என்பது என் கட்சி. ஆனால் எல்லோருக்கும் டீலர் ஒரே அளவுக்குத் தேவைப்படுவதில்லை. ஒப்பீடே அங்கேதான் தொடங்குகிறது.

## எதை வைத்து அளப்பது

டீலர். தூரத்தை வரைபடத்தில் பார்க்காதீர்கள். வண்டி நின்றால் மெக்கானிக் உங்கள் இடத்துக்கு வருவாரா, நீங்கள் வண்டியை ஏற்றிக்கொண்டு போக வேண்டுமா என்று பாருங்கள். இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தாலும் வீட்டுக்கு வந்து பார்க்கிற டீலர், பக்கத்திலேயே இருந்துகொண்டு "வண்டியைக் கொண்டுவாங்க" என்கிறவரைவிட மேல்.

உதிரிபாகம். ஃபில்டர், ஃபேன் பெல்ட், ஹைட்ராலிக் ஹோஸ், சீல், கிளட்ச் பிளேட். இவை எப்போதும் இருப்பில் இருக்கின்றனவா, ஆர்டர் போட்டால் எத்தனை நாள்? அப்புறம், பத்து வருடம் கழித்தும் அதே பார்ட் எண்ணுக்குப் பொருள் கிடைக்குமா?

உண்மையான வேலைத்திறன். பானட்டில் எழுதியிருக்கும் ஹெச்பி எஞ்சினுடையது. மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைச் சுற்றுவது பிடிஓ ஹெச்பி, அதாவது வண்டியின் பின்பக்கம் சுழலும் தண்டில் கிடைக்கும் சக்தி. கியர் வண்டியில் எஞ்சின் சக்தியில் சுமார் 85 சதவீதம் பிடிஓவுக்கு வரும். பெடலை அழுத்தினால் போகிற ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் இன்னும் ஓரிரண்டு ஹெச்பி குறையும். 25 ஹெச்பி என்று வாங்கிய வண்டி பிடிஓவில் 18, 19 காட்டினால் அது குறை இல்லை, அதன் இயல்பு. ரோட்டவேட்டருக்கு அடிக்கு 5 பிடிஓ ஹெச்பி என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொண்டால் நாலடி ரோட்டவேட்டருக்கு 20 வேண்டும். கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிகிறதல்லவா?

லிஃப்ட் திறனிலும் இதே கதை. ஒரு பிராண்டு, பின்பக்கம் கருவியை மாட்டித் தூக்கும் கைகளின் (லிங்க்) நுனியில் தூக்கும் எடையைப் போடும். இன்னொன்று அதிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் தூக்கும் எடையைப் போடும். இரண்டாவது எண் எப்போதும் சிறியதாகவே இருக்கும், ஆனால் நிஜமான கருவியின் எடை அங்கேதான் உட்காருகிறது. இரண்டு விளம்பரத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது எந்த இடத்தில் அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள். முடிந்தால் விளம்பரத் தாளை விட்டுவிட்டுச் சோதனை அறிக்கையைத் தேடுங்கள். அமெரிக்காவில் நெப்ராஸ்கா டிராக்டர் சோதனைக்கூடம், இந்தியாவில் புத்னியில் உள்ள மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனம், ஓஇசிடி என்ற நாடுகளின் கூட்டமைப்பு வகுத்த, பல நாடுகளுக்குப் பொதுவான சோதனை முறை என்று மூன்றாம் தரப்பு அளந்த எண்கள் பல மாடல்களுக்கு உண்டு.

மொத்தச் செலவு. வாங்கிய விலையில் விற்கும் விலையைக் கழித்து, நடுவில் செய்த செலவைக் கூட்டினால் வருவது. ஷோரூமில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டமாட்டார்கள்.

வண்டியின் எடை, உட்காரும் வசதி, டயர் இதெல்லாமும் முக்கியம்தான். ஆனால் அவை ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும் விஷயங்கள், எழுதித் தீராது.

## நாலு வழிகள், ஒரே பார்வையில்

| | பெரிய பிராண்டு, புதிது | மலிவு பிராண்டு, புதிது | ஒரு கம்பெனி செய்து, வேறு கம்பெனி பெயரில் வருவது | பழைய வண்டி |
|---|---|---|---|---|
| வாங்கும் விலை | அதிகம் | குறைவு, லோடர் முதலியவை சேர்ந்தே வரும் | நடுத்தரம் | மிகக் குறைவு |
| உதிரிபாகம் | பெரும்பாலும் இருப்பில் | டீலரைப் பொறுத்தது | எஞ்சினுக்குச் சுலபம், மற்றதற்குத் தேட வேண்டும் | பிராண்டைப் பொறுத்தது |
| டீலர் தேவை | எலெக்ட்ரானிக்ஸ் ஏற ஏறக் கூடும் | முதல் இரண்டு வருடம் மிக அதிகம் | நடுத்தரம் | நீங்களே மெக்கானிக் ஆக வேண்டும் |
| திரும்ப விற்றால் | நல்ல விலை | வாங்குபவரைத் தேட வேண்டும் | பெயர்ப்பலகையின் விலைதான் | விலை ஏற்கெனவே இறங்கி நிற்கிறது |
| மறைந்திருக்கும் செலவு | பிராண்டு ஆயில், தனித்தனியாக விற்கும் கருவிகள் | காத்திருக்கும் நாட்கள் | இரண்டு பார்ட் எண் குழப்பம் | முதல் ஆறு மாத ரிப்பேர் |

## பெரிய பிராண்டு, பக்கத்து டீலர்

குபோட்டா, ஜான் டியர் போன்றவை இந்த வகை. குபோட்டா சிறிய டிராக்டரைப் பெரிய டிராக்டரின் குட்டியாக நினைத்துச் செய்த நிறுவனம் அல்ல. சிறிய நிலங்களுக்காகவே வண்டி கட்டிப் பழகி, 1969-ல் 21 ஹெச்பி எல்200-ஐ அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தது. அங்கே அப்போது உள்ளூர்க் கம்பெனிகள் பெரிய வண்டிகளையே கவனித்துக்கொண்டிருந்தன. அந்த இடைவெளியில் நுழைந்ததால்தான் இன்றைக்கு அதன் டீலர் வலை அவ்வளவு அகலம். அதன் சிறிய டீசல் எஞ்சின்கள் ஜெனரேட்டரிலும் சிறிய எக்ஸ்கவேட்டரிலும் ஓடுகின்றன. அதனால் எஞ்சின் பார்ட்ஸுக்கு டிராக்டர் ஷோரூமை மட்டுமே நம்பி இருக்க வேண்டியதில்லை.

கூடுதல் விலைக்குக் கிடைப்பது என்ன? பெரும்பாலும் அலைச்சல் மிச்சம். பார்ட்ஸ் வரைபடம் முழுமையாக இருக்கும், எண் சொன்னால் பொருள் வரும், மெக்கானிக் அதே வண்டியை இருபது முறை பிரித்திருப்பார். விற்கப் போனால் முதல் வாரத்திலேயே நாலு பேர் அழைப்பார்கள்.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் வெறும் எடுத்துக்காட்டு. பெரிய பிராண்டு 100-க்கு வாங்கி எட்டு வருடம் கழித்து 60-க்கு விற்றால் செலவு 40. மலிவு பிராண்டு 80-க்கு வாங்கி 40-க்கு விற்றாலும் செலவு அதே 40. இருபது மிச்சம் பிடித்ததாக நினைத்தது கடைசியில் காற்றோடு போயிற்று. நீங்கள் வண்டியைச் சாகும்வரை விற்கப்போவதில்லை என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது மலிவு வண்டி உண்மையிலேயே மலிவு.

குறை என்ன? ஒன்று, எல்லாமே தனித்தனி. பின்பக்க ஹைட்ராலிக் வால்வு தனி, எடைக்கல் தனி, லோடரின் விரைவு இணைப்பு தனி. அடிப்படை விலையைப் பார்த்துவிட்டுப் போனால் பில் வரும்போது தலை சுற்றும். இரண்டு, எலெக்ட்ரானிக்ஸ். கம்ப்யூட்டர் வைத்த வண்டியில் கோளாறுக் குறியீட்டைப் படிக்கவே டீலரின் மென்பொருள் தேவைப்படலாம். இந்தச் சண்டை பெரிதாகிக் கொலராடோ மாநிலம் 2023-ல் விவசாய இயந்திரங்களைச் சொந்தமாகப் பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டமே கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இதே விஷயத்துக்காக ஜான் டியர் மீது வழக்குப் போட்டது. 25 ஹெச்பிக்குக் கீழே பெரும்பாலும் சாதாரண மெக்கானிக்கல் பம்ப்தான் என்பதால் சிறிய வண்டிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு.

அந்த 25 ஹெச்பி கோட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சந்தையில் 24.5, 24.8 என்று விநோதமான எண்களில் இவ்வளவு மாடல்கள் ஏன் இருக்கின்றன? அமெரிக்காவின் டியர் 4 (Tier 4) என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியில் 19 கிலோவாட், அதாவது சுமார் 25 ஹெச்பி, ஒரு எல்லைக்கோடு. அதற்கு மேலே போனால் புகைத்துகள் அளவு மிகக் கடுமை. ஐரோப்பாவின் ஸ்டேஜ் 5 விதியிலும் அதே 19-ல்தான் கடுமை தொடங்குகிறது. அதைச் சமாளிக்கப் பெரும்பாலான கம்பெனிகள் புகைக்குழாயில் துகள் ஃபில்டர் வைக்கின்றன. ஃபில்டரில் சேரும் கரியை அவ்வப்போது வண்டியே எரித்துவிட வேண்டும். எப்போதும் மெதுவாக, எஞ்சின் சூடேறாமலேயே ஓட்டுபவர்களுக்கு அது அடைத்துக்கொள்ளும். இந்த விதிகள் நடக்கிற சந்தையில் வாங்குபவர், 25-ஐத் தாண்ட உண்மையிலேயே தேவை இருக்கிறதா என்று இரண்டு முறை யோசிக்கட்டும். ஒரே சேசிஸில் எடையும் லிஃப்டும் அப்படியே இருக்க, பத்து ஹெச்பிக்காக ஒரு ஃபில்டரைத் தலையில் கட்டிக்கொள்வது பல பேருக்குத் தேவையில்லாத வேலை.

இது யாருக்கு: வண்டிதான் பிழைப்பு என்பவர்களுக்கு. வாடகைக்கு ஓட்டுபவர்கள், ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர்கள், நாலைந்து வருடத்தில் மாற்றிவிடும் பழக்கம் உள்ளவர்கள்.

## மலிவு பிராண்டு

மகிந்திரா, கொரியாவின் கியோட்டி, டிஒய்எம், எல்எஸ், சோனாலிகா குழுமத்தின் சோலிஸ் என்று பட்டியல் நீளம். மலிவு என்பது இடத்துக்கு இடம் மாறும் சொல் என்பதை மறக்க வேண்டாம். மகிந்திரா ஒரு நாட்டில் மூலைக்கு மூலை டீலர் வைத்திருக்கும் பெரிய பிராண்டு, இன்னொரு நாட்டில் விலைக்காக வாங்கப்படும் பிராண்டு. எந்தப் பிராண்டு எந்த வகை என்பதை உங்கள் பக்கத்து டீலர்களின் எண்ணிக்கைதான் சொல்லும், உலகப் புகழ் சொல்லாது.

இந்த வண்டிகள் தரத்தில் மட்டம் என்ற பேச்சு பழையது. பல சமயம் இவை எடை அதிகமாக, இரும்பு தடிமனாக வரும். டிராக்டருக்கு எடை நல்லது. இழுவை கூடும், லோடரில் சுமை தூக்கும்போது பின் சக்கரம் எழும்பாது. பெரிய பிராண்டில் காசு கொடுத்துச் சேர்க்கும் வால்வு இதில் சும்மாவே இருக்கும். ஒரே பணத்துக்கு ஒரு படி பெரிய வண்டியே கிடைக்கும்.

குறை சின்னச் சின்ன விஷயங்களில் வரும். இருக்கைக்குக் கீழே உள்ள பாதுகாப்பு சுவிட்ச் கோளாறு செய்து வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஒயர் எங்கோ உரசி ஃபியூஸ் போகும். ஹோஸ் முனையில் கசியும். எஞ்சினும் கியர் பாக்ஸும் கல்லு மாதிரி இருக்கும். இந்தச் சில்லறைத் தொல்லைகள் முதல் 200 மணி நேரத்துக்குள் வந்து போய்விடும் என்பது என் அனுபவம். அந்த 200 மணி நேரத்தை உங்களோடு சேர்ந்து கடக்கிற டீலர் இருந்தால் அப்புறம் கவலை இல்லை. இல்லாவிட்டால் வண்டி வாசலில் நிற்கும்.

வாரண்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்தப் பிராண்டுகள் பெரிய பிராண்டுகளைவிட நீண்ட வாரண்டி தருவதுண்டு. சின்ன எழுத்தைப் படித்தால் அந்த நீண்ட காலம் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும்தான். ஹோஸ், சுவிட்ச், பேட்டரி போன்றவற்றுக்குக் காலம் குறைவு. கிளட்ச் பிளேட் தேயும் பொருள் என்று விலக்கியிருப்பார்கள். வண்டியை டீலரிடம் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில். மூன்று மணி நேரத் தொலைவுக்கு இரண்டு முறை லாரி ஏற்றினால், மிச்சம் பிடித்ததில் ஒரு துண்டு போய்விடும்.

இது யாருக்கு: வருடத்துக்கு நூறு, நூற்றைம்பது மணி நேரம் மட்டும் ஓட்டுபவர்களுக்கு. சின்ன ரிப்பேரைத் தாங்களே பார்த்துக்கொள்பவர்களுக்கு. நல்ல டீலர் பக்கத்திலேயே கிடைத்துவிட்ட அதிர்ஷ்டக்காரர்களுக்கு. மூன்றாமவருக்கு நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

## பெயர்ப்பலகை ஒன்று, உள்ளே வேறொன்று

டிராக்டர் உலகில் இது சகஜம். 1970-களின் பிற்பகுதியிலிருந்தே ஜான் டியரின் சிறிய வண்டிகளை யான்மார் செய்து கொடுத்தது. பச்சை பெயின்டுக்குள் இருந்தது ஜப்பான் எஞ்சின். மாஸ்ஸி பெர்குசன் பெயரில் வந்த பல சிறிய மாடல்கள் இஸெக்கி கட்டியவை. நியூ ஹாலண்டின் சில சிறிய மாடல்களை எல்எஸ் செய்தது. அமெரிக்காவில் மகிந்திரா பெயரில் விற்ற சிலவற்றை டிஒய்எம் செய்தது. அதே மகிந்திரா 2015-ல் மிட்சுபிஷியின் விவசாய இயந்திர நிறுவனத்தில் பங்கு வாங்கி, இரண்டும் சேர்ந்து உருவாக்கிய ஓஜா வரிசையை 2023-ல் வெளியிட்டது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 2022-ல் எஸ்கார்ட்ஸ் குபோட்டா என்று பெயரையே மாற்றிக்கொண்டது.

இந்தக் குடும்ப மரம் தெரிந்தால் இரண்டு லாபம். உள்ளே இருக்கும் எஞ்சின் யாருடையது என்று தெரிந்தால் பார்ட்ஸுக்கு இன்னொரு கதவு திறக்கும். அப்புறம், அதே வண்டி வேறு பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். எஞ்சின் பக்கவாட்டில் உலோகத் தகடு ஒன்று இருக்கும். அதில் எஞ்சின் மாடலும் எண்ணும் பொறித்திருக்கும். ஷோரூமில் அந்தத் தகட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பானட்டில் உள்ள பெயரைவிட அது பிற்காலத்தில் உதவும்.

சிக்கல், ஒப்பந்தம் மாறும்போது வரும். விற்ற கம்பெனி அடுத்த வருடம் வேறொரு தயாரிப்பாளரிடம் போய்விட்டால் உங்கள் மாடல் அநாதை. கடமை என்ற அளவில் பார்ட்ஸ் வரும், வேகம் இருக்காது. ஒரே பொருளுக்குத் தயாரித்தவரின் எண் ஒன்று, விற்றவரின் எண் ஒன்று, விலையும் இரண்டு.

இது யாருக்கு: எண்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு.

## பழைய வண்டி

நன்றாகப் பார்த்துக்கொண்ட சிறிய டீசல் எஞ்சின் 4,000, 5,000 மணி நேரம் சாதாரணமாக ஓடும். 900 மணி நேரம் ஓடிய பெரிய பிராண்டு வண்டி, புதிய மலிவு வண்டியின் விலைக்குக் கிடைத்தால் நான் பழையதைத்தான் எடுப்பேன்.

மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் 600 காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். பிடிஓ தண்டின் பற்களைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள், ஓரம் கூர்மையாகத் தேய்ந்திருந்தால் ரோட்டவேட்டரில் பிழிந்த வண்டி. நீங்கள் போவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதை மறைக்கத்தான் அந்தச் சூடு. தலைக்கு மேல் பாதுகாப்பு வளைவு இல்லாத வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். சரிவில் கவிழ்ந்தால் அந்த வளைவும் சீட் பெல்ட்டும்தான் உயிர்.

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டு, பழையதாகி வெளிநாட்டுக்கு வரும் வண்டிகள் தனிக் கதை. மலிவாக, அழகாக இருக்கும், பிடிஓவில் மூன்று நாலு வேகம் இருக்கும். ஆனால் அந்த மாடல் எண் உங்கள் டீலரின் கம்ப்யூட்டரில் இருக்காது. எச்சரிக்கை ஸ்டிக்கர்கள் ஜப்பானிய மொழியில் இருக்கும். அமெரிக்காவில் இப்படி வந்த பழைய குபோட்டா வண்டிகளைப் பற்றி வழக்கே நடந்தது. உள்நாட்டில் விற்கும் வண்டிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு, அதே பெயரில் இறக்குமதி செய்யக் கூடாது என்ற முடிவை 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது.

இது யாருக்கு: கையில் வித்தை உள்ளவர்களுக்கு. கையில் பணம் குறைவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பழைய வண்டி வாங்குவது ஆபத்து, ரிப்பேருக்கும் அதே கைதான் பணம் தர வேண்டும். விலையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு வாங்குங்கள்.

## பில்லில் தெரியாத செலவுகள்

வட்டியில்லாக் கடன் என்று ஒன்று சொல்வார்கள். "ரொக்கமாகத் தந்தால் எவ்வளவு?" என்று கேளுங்கள். கடனில் 100, ரொக்கத்தில் 93 என்றால், ஐந்து வருடக் கடனில் அந்த 7 சுமார் 3 சதவீத வட்டிக்குச் சமம். அது மோசமான வட்டி இல்லை, எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இலவசம் என்று நினைத்துக்கொண்டு எடுக்கக் கூடாது.

ஹைட்ராலிக் ஆயில் இன்னொன்று. கியர் பாக்ஸும் லிஃப்டும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொள்ளும் வண்டிகளில் ஒரு முறை மாற்றினாலே கணிசமான லிட்டர் வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் முதல் சர்வீஸ் 50 மணி நேரத்திலேயே வந்துவிடும். ஃபில்டர்களோடு சேர்த்து முதல் சர்வீஸுக்கு எவ்வளவு என்று விலை பேசும்போதே எழுதி வாங்குங்கள்.

கருவிகளில் ஒரு நல்ல செய்தி. பின்பக்க மூன்று முனை இணைப்பும் நிமிடத்துக்கு 540 சுற்று பிடிஓவும் பொதுத் தரம். ஆறு பற்கள் கொண்ட 35 மில்லிமீட்டர் தண்டு இருந்தால் ரோட்டவேட்டரை எந்தக் கம்பெனியிடமும் வாங்கலாம். டீலர் "சேர்த்து வாங்கினால்தான் பொருந்தும்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். லோடர் மட்டும் விதிவிலக்கு. அதன் தாங்கிகள் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி. பிற்பாடு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், மாடல் நின்றுபோன பின் தேடி அலைய வேண்டியதுதான். லோடர் வேண்டுமென்றால் முதல் நாளே வாங்குங்கள், கூடவே பின்பக்க எடைக்கும் கணக்குப் போடுங்கள்.

## டீலரைச் சோதிக்க ஒரு காலை நேரம்

ஷோரூமுக்குப் போகும் முன் பார்ட்ஸ் கவுண்டரை அழையுங்கள். விற்பனைப் பிரிவை வேண்டாம், அவர்கள் எப்போதும் இனிப்பாகவே பேசுவார்கள். நீங்கள் பார்த்து வைத்த மாடலின் பெயரைச் சொல்லி, ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர் மாதிரி, மூன்று பொருள் கேளுங்கள்: ஹைட்ராலிக் ஃபில்டர், முன் அச்சு சீல், கிளட்ச் பிளேட். ஃபில்டர் இருப்பில் இருக்க வேண்டும். சீல் இரண்டு மூன்று நாளில் வர வேண்டும். கிளட்ச் பிளேட்டுக்குப் பத்து நாள் சொன்னால்கூடப் பரவாயில்லை, எண்ணும் விலையும் உடனே சொல்லத் தெரிந்தால் போதும். "மாடல் என்ன சொன்னீங்க?" என்று மூன்று முறை கேட்டால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அப்புறம் நேரில் போய், ஷோரூமைத் தாண்டிப் பின்பக்கம் ஒர்க்‌ஷாப்புக்குள் நடங்கள். டீ குடிக்கக் கூப்பிட்டால் அங்கேயே குடிக்கிறேன் என்று சொல்லுங்கள். ஓரமாக நிற்கும் வண்டிகளைக் கவனியுங்கள். பிரித்துப் போட்ட பாகத்தின் மேல் புழுதி படிந்திருந்தால், பார்ட்ஸ் வராமல் எத்தனை நாளாக நிற்கிறது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். மெக்கானிக்குகள் பொதுவாகப் பொய் சொல்வதில்லை. எத்தனை மெக்கானிக், அதில் எத்தனை பேர் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறார்கள், இந்தப் பிராண்டை டீலர் எத்தனை வருடமாக விற்கிறார், அதற்கு முன் எதை விற்றார்? மூன்று வருடத்துக்கு ஒரு முறை பலகையை மாற்றுகிற டீலர், உங்கள் வாரண்டி முடிவதற்குள் இன்னொரு முறையும் மாற்றுவார்.

இந்தச் சோதனையில் மலிவு பிராண்டின் டீலர் தேறி, பெரிய பிராண்டின் டீலர் தோற்றுப்போனதை நான் பார்த்திருக்கிறேன். அப்படியானால் மலிவு பிராண்டையே வாங்குங்கள், பெயரைப் பார்க்காதீர்கள்.

முதலில் கேள்வி கேட்டவருக்கும் இதையேதான் சொன்னேன். அவருக்குச் சொந்த வேலை குறைவு, ஆனால் பருவத்தில் பக்கத்து நிலங்களுக்கு வாடகைக்கு ஓட்ட நினைக்கிறார். மூன்று மணி நேரத் தொலைவு டீலரின் பார்ட்ஸ் கவுண்டருக்கு என் முன்னாலேயே போன் போட்டார். எடுத்தவர் நன்றாகத்தான் பேசினார். ஃபில்டர் இருக்கிறது, சீல் நாலு நாள், கிளட்ச் பிளேட்டின் எண்ணும் விலையும் கையோடு சொன்னார். நல்ல டீலர். "மெக்கானிக் எங்கள் பக்கம் வருவாரா?" என்று கேட்டார் நம்மவர். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "பருவ நேரத்தில் முடியாதுங்க" என்று பதில் வந்தது. நேர்மையான பதில்தான். அவர் அரை மணி நேரத் தொலைவு வண்டிக்கு முன்பணம் கட்டப் போனார், லோடர் இல்லாமல்.